உருப்படிக்குப் பத்து

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் தன் துணிமூட்டையோடு லாண்டரி வாசலுக்கு வந்தார். ஒரு நொடி நின்றார். உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைந்துவிட்டார்.

பன்னிரண்டு வருடப் பழக்கம். லாண்டரிக்காரர் எழுந்து வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார்.

அந்தத் தெருவில் அவருக்கு 'ஒரேவிலை' என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் 'ஒரேவிலையார்' என்பார்கள். சட்டையா, பத்து. பேண்ட்டா, பத்து. கட்டில் போர்வையா, அதுவும் பத்து. கடை ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் கணக்கு. வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்துக் கையில் கொடுப்பதற்குள் யாருக்கும் விலை சந்தேகம் வந்ததில்லை. "என் கடையில விலைப் பலகை கிடையாது. ஒரே ஒரு வரிக்கு எதுக்குப் பலகை?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அந்தப் பெருமையில்தான் அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

எதிர்க்கடை வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனம். கண்ணாடிக் கதவு, சீருடை போட்ட கவுன்ட்டர் பெண், சுவர் முழுக்கத் திட்டங்கள். வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம், குடும்பத் திட்டம், மழைக்காலத் திட்டம் என்று பத்து.

சாயங்காலம் பல் டாக்டர் திரும்பி வரும்போது ஒரேவிலையார் வாசலில் இறங்கி நின்று மடக்கிவிட்டார்.

"டாக்டர், நம்ம கடையில ஏதாவது தப்பு நடந்துச்சா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. அங்க முதல் மூணு உருப்படி இலவசம்."

"சரி. மிச்சத்துக்கு?"

"பதினஞ்சு. வெள்ளைன்னா அஞ்சு கூட. அப்புறம் பொத்தான் பாதுகாப்புன்னு ஒரு பன்னெண்டு. ஆனா ஹேங்கர் இனாம்."

"மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

டாக்டர் கூரையைப் பார்த்து யோசித்தார். "அது ஞாபகம் இல்ல. ஆனா நாப்பத்தஞ்சு மிச்சம். ரசீதுலயே போட்டிருக்காங்க."

ஒரேவிலையார் அந்த ரசீதை வாங்கி, அதன் முதுகிலேயே கணக்குப் போட்டார். ஒன்பது உருப்படி. அதில் மூன்று இலவசம். ஆறுக்குத் தொண்ணூறு. வெள்ளைக்கோட்டு நான்குக்கு இருபது. பொத்தானுக்குப் பன்னிரண்டு. ஆக நூற்று இருபத்திரண்டு.

"நம்ம கடையில தொண்ணூறுதான் ஆகியிருக்கும் டாக்டர். முப்பத்திரண்டு கூடக் குடுத்திருக்கீங்க."

டாக்டர் அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "இருந்தாலும் நான் அங்க தங்க வாடிக்கையாளர்."



மாதக் கடைசிக்குள் பாதித் தெரு தங்கமும் வெள்ளியுமாக மாறிவிட்டது. இஸ்திரி மேஜைக்குப் பின்னால் பதினைந்து வருடமாக நிற்கும் அக்கா, வேலை இல்லாமல் ஒரே துண்டை நான்காவது தடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் வேற இடம் பாத்துக்கவா? நீங்களா சொல்லச் சங்கடப்படுவீங்கன்னுதான் நானே கேக்கறேன்."

"வாயைக் கழுவுக்கா. இந்தக் கடையில ஒரு பெட்டி சூடா இருக்கிற வரைக்கும் அதைப் பிடிக்கிற கை உன்னுதுதான்" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி இதைக் கவனித்தாள். கவனித்தவள் சும்மா இருந்திருக்கலாம். தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

மச்சினன் செல்போன் நிறுவனத்தில் திட்டம் விற்பவன். அவனிடம் திட்டம் வாங்கிய யாருக்கும் தாங்கள் மாதம் எவ்வளவு கட்டுகிறோம் என்று தெரியாது. அதற்காக அவனுக்கு இரண்டு தடவை பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள்.

"அத்தான், உங்க துணியில குறை இல்ல. விலையிலதான் குறை" என்றான்.

"பத்துங்கிறது அதிகமா மாப்ள?"

"அதிகம் இல்ல, பச்சையா இருக்கு. பாத்தவுடனே புரியுது. புரிஞ்ச விலையில ஜனங்களுக்கு என்ன சந்தோஷம்? நாம ஏதோ சாமர்த்தியம் பண்ணி ஜெயிச்சுட்டோம்னு அவங்களுக்குத் தோணணும்."

"துணி வெள்ளையா இருந்தா போதாதா?"

"துணி வெள்ளையா இருக்கட்டும். விலை கொஞ்சம் கலங்கலா இருக்கட்டும்."

ஒரேவிலையாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அக்கா மடித்த துண்டு கண்முன் வந்தது. சரி என்றார்.

முதலில் எடைத் திட்டம் வந்தது. கிலோவுக்கு நாற்பது. காய்கறிக்கடையிலிருந்து ஒரு பழைய தராசு வந்து கல்லாவின் மேல் உட்கார்ந்தது. மறுநாளே கராத்தே மாஸ்டர் பன்னிரண்டு முரட்டுச் சீருடைகளைக் கொண்டுவந்து தராசில் வைத்தார், முள்ளைப் பார்த்தார், அவற்றை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். கராத்தே தெரிந்தவரைத் தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மற்றவர்கள் லேசான துணியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். புகைப்படக் கடைக்காரர் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ஈரம் போக்கிக் கொண்டுவந்தார். இன்னொருவர் கோட்டிலிருந்த பித்தளைப் பொத்தான்களை வெட்டி எடுத்துவிட்டு வந்தார். எடை போட்டு முடிந்ததும் பொத்தான்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, "வெளுத்தப்புறம் தைச்சுக் குடுத்துடுங்க" என்றார்.

அக்காதான் உடைத்துச் சொன்னாள். "அண்ணே, ஒரு கிலோ கைக்குழந்தைத் துணின்னா இருபத்தஞ்சு சட்டை. ஒவ்வொண்ணும் என் உள்ளங்கை அளவு. நாப்பதுக்கு இருபத்தஞ்சு சட்டையை இஸ்திரி போட்டா, எனக்கு வேலை இருக்கும், கடை இருக்காது."

தராசு காய்கறிக்கடைக்குத் திரும்பிப் போனது. மச்சினன் சளைக்கவில்லை. "மூணு குடுத்தா நாலாவது இலவசம். இது எங்கயும் தோத்ததில்ல அத்தான்."

இங்கே ஒரே நாளில் தோற்றது. மருந்துக்கடைக்காரர் மூன்று சாக்ஸும் ஒரு இரட்டைக் கட்டில் கம்பளியும் கொண்டுவந்தார்.

"கம்பளி இலவசம்தானே?"

"அதெப்படி? ஒரு சாக்ஸ்தான் இலவசம்."

"நாலாவதுன்னு சொன்னீங்க. நான் கம்பளியை நாலாவதாத்தானே வச்சேன்?"

உடனே ஒரு பலகை எழுதப்பட்டது. இலவச உருப்படி மற்ற மூன்றைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று முதல் விதி. சாக்ஸ் சோடியாகத்தான் கணக்கு என்று இரண்டாவது. அடுத்த நாள் ஒருவர் சட்டையின் கீழ்ப்பொத்தானைப் பேண்ட்டின் இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்து, "கோத்திருக்கு, ஒரு உருப்படி" என்றார். மாட்டியதைக் கழற்றித்தான் எண்ணுவோம் என்று மூன்றாவது விதி ஏறியது. விதி கடுமையாகிவிட்டது என்று முணுமுணுப்பு வந்ததால் மச்சினன் சில சலுகைகளைச் சேர்த்தான். ஒன்பது மணிக்கு முன்னால் வந்தால் பத்து தள்ளுபடி. புது ஆளைக் கூட்டிவந்தால் தலைக்கு ஐந்து. ரசீதில் பிழை இருந்தால் பத்து திருப்பித் தரப்படும்.

பலகையில் இடம் போதாமல் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. கடைசி விதியைப் படிக்க வாசலில் முட்டி போட வேண்டியிருந்தது.

ஒருநாள் மனைவி நூலகத்திலிருந்து வரும் வழியில் பலகை முன்னால் நின்றாள். மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு கீழிருந்து மேலாக.

"என்னங்க, நம்ம வீட்டுத் திரைச்சீலையை இங்க வெளுக்கப் போட்டா எவ்வளவு ஆகும்?"

ஒரேவிலையார் பென்சிலை எடுத்தார். கொஞ்ச நேரம் எழுதினார். "எத்தனை மணிக்குக் கொண்டு வருவே?" என்று கேட்டார்.

மனைவி வீட்டுக்குப் போய்த் திரைச்சீலையைத் தானே துவைத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் வக்கீலம்மா வந்தாள். காலை எட்டு ஐம்பதுக்கு, ஐந்து ஜூனியர்களோடு. கையில் நான்கு துணிகள்: மூன்று நீளமான கறுப்பு அங்கிகள், ஒரு கம்பளிக் கோட்டு. ஒரேவிலையாருக்கு முகமெல்லாம் பல். இத்தனை பெரிய கூட்டம் வந்து எத்தனையோ நாள் ஆகிறது. பில் போட்டு நீட்டினார்.

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையைப் படித்தாள். முட்டி போட்டும் படித்தாள்.

"கோட்டு அங்கியைவிடச் சின்னது. அளந்து பாருங்க, முழங்கால் வரைக்கும்தான். அதனால இலவசம். மிச்சம் மூணுக்கு முப்பது. ஒன்பது மணிக்கு முன்னால வந்ததுக்குப் பத்து போச்சு. இவங்க அஞ்சு பேரும் புது ஆளுங்க, இருபத்தஞ்சு போச்சு."

"அப்ப... அஞ்சு நாங்க தரணுமா?"

"பதினஞ்சு. ரசீதுல 'அங்கி'க்கு 'அஙகி'ன்னு போட்டிருக்கீங்க. ஒரு புள்ளி குறையுது."

அவர் கல்லாவைத் திறந்து பதினைந்தை எண்ணிக் கொடுத்தார். நான்கு துணியை வெளுத்துக் கொடுக்க, கடைக்காரர் கைக்காசு கொடுத்த முதல் லாண்டரி அதுவாகத்தான் இருக்கும். ஜூனியர்கள் ஐந்து பேரும், நாளைக்கு யார் யாரைக் கூட்டிவரலாம் என்று பேசிக்கொண்டே படியிறங்கினார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் ஒரேவிலையார் எழுந்தார். வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினார். அவ்வளவு கனத்தைத் தனியாகத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருந்தாலும் விடவில்லை. உள்ளே கொண்டுவந்து, துணி அலசும் தொட்டியில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தார். அக்கா சோப்புத்தூள் கொண்டுவந்து கொட்டினாள். அத்தனை விதிகளும் கறுப்புத் தண்ணீராக வாய்க்காலில் போயின.

சாயங்காலம் வந்த மச்சினன் காலிப் பலகையைப் பார்த்து அதிர்ந்து போனான். "அத்தான், என்ன காரியம் பண்ணிட்டீங்க? அடுத்த மாசம் புள்ளித் திட்டம் கொண்டு வரலாம்னு..."

"மாப்ள, உக்காரு. தண்ணி குடி. நான் சொல்றதைக் கேளு." அவர் குரல் ஏறவில்லை. ஆனால் அந்தக் குரலில் பழைய நிமிர்வு திரும்பியிருந்தது. "இருபத்திரண்டு வருஷமா எங்கிட்ட வந்தவங்க காசைக் குடுத்தாங்க, துணியை வாங்கினாங்க, போனாங்க. இப்ப ஒவ்வொருத்தரும் என்னை ஏமாத்த வழி தேடிக்கிட்டு வராங்க. தப்பு அவங்க மேல இல்ல. அந்தப் பலகை அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுத்துச்சு. கடை மூடினாலும் பரவாயில்ல, பத்துன்னு சொல்லித்தான் மூடுவேன்."

அன்றே அந்தப் பலகையில் ஒரு முழ உயரத்துக்கு ஒரே வரி எழுதினார்கள்: எந்தத் துணியும் பத்து. அவ்வளவுதான்.

அத்தோடு இன்னொரு வைராக்கியமும் எடுத்துக்கொண்டார். இனி எதிர்க்கடைச் சுவரில் என்ன ஒட்டினாலும் படிப்பதில்லை. நாற்காலியையே திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

முதல் வாரம் கடை ஈ ஓட்டியது. அக்கா துண்டை மடித்தாள். இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, கதவைத் திறக்கும்போதே வாசலில் ஆறு பேர் நின்றார்கள்.

முதல் ஆள் ஒரு கைக்குட்டையை நீட்டினார். "பத்துதானே?"

"பத்துதான்."

"ரசீது உண்டுல்ல?"

"தாராளமா."

இரண்டாவது ஆளும் கைக்குட்டைதான். மூன்றாவது ஆள் ஒரு தலையணை உறை. மத்தியானத்துக்குள் நாற்பது பேர் வந்து போனார்கள். மறுநாள் அறுபது. சனிக்கிழமை வரிசை தையல்கடை வரை நீண்டது. யாரும் விலை பேசவில்லை, யாரும் பலகையின் அடியில் முட்டி போடவில்லை. பத்தை வைத்தார்கள், ரசீதை வாங்கினார்கள், அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

ரசீதை அவர்கள் வைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்த்து ஒரேவிலையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாக்கா? நேர்மையான விலையை எழுத்துல பாத்து எத்தனை காலமாச்சோ. வீட்டுக்குக் கொண்டு போய் மத்தவங்களுக்குக் காட்டுவாங்க போல."

"எல்லாரும் ஏண்ணே ஒரே ஒரு துணி கொண்டு வராங்க?"

"சூடு பட்டவங்கக்கா. ஒண்ணைக் குடுத்துச் சோதிச்சுப் பாக்கறாங்க. நம்பிக்கை வந்தா மூட்டையோட வருவாங்க."

பல் டாக்டரும் வந்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. ஒற்றைச் சாக்ஸை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார்.

"ஒத்தையா இருக்கே டாக்டர்?"

"இன்னொண்ணு அடுத்த வாரம் கொண்டு வரேன்."

தங்கத்தை உதறிவிட்டு வந்த மனிதரிடம் மேற்கொண்டு கேட்பது நாகரிகமில்லை என்று அவர் விட்டுவிட்டார். இரண்டு ரசீதாகப் போட முடியுமா என்று டாக்டர் கேட்டதைக்கூடத் தமாஷ் என்றே எடுத்துக்கொண்டார்.

கைக்குட்டை என்றாலும் பத்து பத்துதான். அக்காவின் சம்பளம் முதல் தேதியே கைக்கு வந்தது. ஒரு நிமிடத்தில் மூன்று கைக்குட்டை தேய்த்துத் தள்ளினாள். "அண்ணே, இப்படியே போனா எனக்கு வயசே ஆகாது" என்றாள்.

தெருக் கடைக்காரர்கள் சங்கத்தில் ஒரேவிலையாரைப் பேசக் கூப்பிட்டார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் போய் நின்றார். குறிப்புத் தாள் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"விலைன்னா கேட்டவுடனே காதுல ஏறணும்" என்றார். "கேட்டு, வீட்டுக்குப் போய், பேப்பரும் பென்சிலும் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உக்காந்து புரிஞ்சிக்கிறதுக்குப் பேரு விலை இல்ல, பரீட்சை. என் கடைக்கு வந்தவங்களுக்கு நான் பரீட்சை வைக்க மாட்டேன். பெரிய கம்பெனியை எதிர்க்கப் பெரிய மூளை வேணாங்க. ஒரே ஒரு எண்ணைச் சொல்லிட்டு, அதுல நிக்கத் தெரிஞ்சா போதும்."

கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. காய்கறிக்கடைக்காரர் அங்கேயே எழுந்து நின்று, நாளை முதல் தன் கடையிலும் தள்ளுபடிப் பலகைகள் கிடையாது என்று அறிவித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சினன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், பத்து வருஷமா நான் ஜனங்களைத் தப்பா எடை போட்டுட்டேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"நான் ஜெயிக்கல மாப்ள. பத்து ஜெயிச்சுது" என்றார். மனைவி அதைக் கேட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவு திறந்தது. கவுன்ட்டர் பெண் சீருடையோடு தெருவைக் கடந்து வந்தாள். இரண்டு கையிலும் ஒரு தட்டையான பார்சலைப் பிடித்திருந்தாள்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ரகசியமாகச் சொன்னாள்: "அண்ணே, சமாதானம் பேச வராங்க."

ஒரேவிலையார் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மனதில் வன்மம் எதுவும் இல்லை. போட்டி என்றால் ஒருவர் ஒதுங்கத்தான் வேண்டும். இந்தப் பெண் பாவம், சின்ன வயது, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். அந்தக் கடையை மூடினால் இவளை இங்கேயே ரசீது எழுத வைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்கு ஓர் ஆள் தேவையாகத்தான் இருக்கிறது.

"வாம்மா, உக்காரு" என்றார். "எதுவா இருந்தாலும் தயங்காம சொல்லு. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பணிவாகச் சிரித்தாள். பார்சலைப் பிரித்து, உள்ளே கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரத்தைக் கல்லாவின் மேல் அவருக்கு நேராக நிமிர்த்தி வைத்தாள். அதில் தங்க எழுத்தில் அவர் கடையின் பெயர் இருந்தது.

"போட்டிக் கடை ரசீது ஒண்ணு கொண்டு வந்தா மொத்தத் துணிக்கும் பாதி விலைன்னு நாங்க பதினோராவது திட்டம் போட்டோம்ல சார், அதுல எல்லாக் கிளையிலயும் சேத்துப் பாத்தா எங்களுக்கு அதிகமா ஆள் அனுப்பினது நீங்கதானாம்."